மார்செல் கழற்றிய பேட்டரி

சைகோனில் கான் ஹொய் பாலத்தைக் கடந்து துறைமுகச் சுவரை ஒட்டியே போனால் ஒரு சந்து வரும். எதிரும் புதிருமாக இரண்டு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டால் ஒன்று நின்று வழிவிட்டுத்தான் ஆகவேண்டும், அவ்வளவுதான் அகலம். அந்தச் சந்துக்குள் மார்செல் வீடு எது என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. எந்த வீட்டு முன்னறையில், முதுகு மூடி கழற்றிய ஒரு டிவிப் பெட்டிக்குள் இரண்டு பேர் சத்தமில்லாமல் குத்துச்சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்களோ, அதுதான் வீடு. பழுது பார்த்த வீடியோ ஆட்டப் போர்டை ஒரு பகல் முழுக்க ஓடவிட்டுப் பார்க்காமல் அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் சைகோனில் சந்துக்குச் சந்து ஆட்டப் பெட்டிக் கடைகள் முளைத்திருந்தன. ஆளுயரப் பெட்டி, அதில் ஒரு திரை, கைப்பிடி, வரிசையாகப் பொத்தான்கள். காசைப் போட்டால் ஆட்டம் தொடங்கும். பெட்டியை எந்தத் தச்சனும் செய்துவிடுவான். பெட்டிக்கு உயிர் உள்ளே இருக்கிற போர்டு. தாம்பாளம் அளவுக்குப் பச்சைப் பலகை, அதன்மேல் மரவட்டைகள் மாதிரி வரிசை வரிசையாகக் கறுப்புச் சில்லுகள். ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் பத்து வருஷம் ஓடி ஓய்ந்து, கழித்துப் போட்ட போர்டுகள்தான் இங்கே வந்து சேரும். வரும்போதே பாதி நோயாளி. அதனால் மார்செலுக்கு வேலை ஓயாது. சந்தில் அவரை 'பாக் சி' என்றுதான் கூப்பிடுவார்கள். வியட்நாமியத்தில் டாக்டர் என்று அர்த்தம். கூப்பிடும்போதெல்லாம் அவர் காது கேட்காதவர் மாதிரி இருப்பார். ஆனால் அப்படிக் கூப்பிடாமல் யாராவது மார்செல் என்று பெயரைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் ஒரு மாதிரி இருக்கும் என்பது அவர் மனைவி ரோசாலிக்குத் தெரியும்.

அவருடைய அப்பா காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரர்களின் சுங்க அலுவலகத்துக்குக் குமாஸ்தாவாக வந்தவர். அம்மா இந்த ஊர்க்காரி. மார்செல் தெற்கு வியட்நாம் பட்டாளத்தில் ரேடியோ ரிப்பேர் பார்த்தார். எழுபத்தைந்தில் வடக்கத்திப் படை ஊரைப் பிடித்தபோது, புதுப்பாடம் படிக்க வேண்டும் என்று காட்டுக்குள் ஒரு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அங்கே மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த சமயத்தில் அண்ணன்மார் இருவரும் பிரெஞ்சுக் காகிதங்களைக் காட்டி பிரான்சுக்கு விமானம் ஏறிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவருக்காகக் காத்திருந்தது ரோசாலி மட்டும்தான். அதற்குப் பிறகு ரேடியோ, கேசட், டிவி என்று எது கைக்கு வந்தாலும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்தே பிழைப்பு நடந்தது. வேறு எதைப் பற்றியும் பெருமைப்பட அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. கைவேலை ஒன்றுதான் இருந்தது.

அவரிடம் தமிழ் பேசி வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஜெயம். பென் தான் சந்தைக்குப் பின்புறம், மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆட்டப் பெட்டிக் கடை வைத்திருந்தாள். அவளுடைய அப்பா காரைக்குடிப் பக்கத்து ஆள்; துணி வியாபாரம் செய்து, எல்லாம் பறிபோய், இங்கேயே கண்ணை மூடிவிட்டார். புருஷனும் இல்லை. மார்செலை 'அண்ணே' என்பாள். இன்னொருவர் பக்கீர் மைதீன். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை பார்த்தவர். சிங்கப்பூர்க் கப்பல்களில் வரும் தமிழ் ஆட்களோடு பேசிப் பழகி, அவர்கள் மூலம் பழைய போர்டுகளை வரவழைத்துக் கடைக்காரர்களுக்கு விற்று வந்தார். அவர் மார்செலைக் கூப்பிடுவது 'முசே' என்று. பிரெஞ்சில் ஐயா; காரைக்கால் பக்கத்துப் பழைய மரியாதை.

ஒருநாள் ஜெயம் ஒரு போர்டைத் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு சீக்லோ ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். பக்கீர் மைதீனிடம் வாங்கிய போர்டுதான். அவள் கடையில் கூட்டம் நிற்பதே இந்த ஒரு ஆட்டத்துக்காக.

"அண்ணே, ரெண்டாவது ஆளுக்கு உதை விழ மாட்டேங்குது. பொத்தான மாத்திப் பாத்துட்டேன். சண்டைக்கு வராங்க பசங்க."

"வெச்சுட்டுப் போ. சாயங்காலம் வந்து வாங்கிக்க" என்றார் மார்செல்.

உண்மையில் அது ஒன்றும் இல்லாத வேலை. போர்டு பெட்டியோடு சேர்கிற விளிம்பில் செம்புப் பட்டைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று கறுத்துப் போயிருந்தது. பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்ததும் பட்டை பளிச்சென்று வந்தது. மாட்டினார், உதை விழுந்தது. அதோடு துண்டில் சுற்றி வைத்திருந்தால் கதையே இல்லை.

சுற்றப் போகும்போதுதான் போர்டின் ஓரத்தில் இருந்த சின்ன பேட்டரி கண்ணில் பட்டது. அதன் காலைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. பழைய பேட்டரி கசிந்தால் அந்த நீர் பலகையின் செம்புக் கோடுகளைக் கறையான் மாதிரி தின்றுவிடும். அப்படிச் செத்த போர்டுகளை எத்தனையோ பார்த்தவர் அவர். இந்த மாதிரி பேட்டரியெல்லாம் யார் அதிகப் புள்ளி எடுத்தார்கள் என்பதை ஞாபகம் வைக்கத்தான்; எடுத்துவிட்டால் ஆட்டத்துக்கு ஒரு குறையும் வராது. யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ஜெயத்தின் போர்டாச்சே என்று ஈயத்தை உருக்கி பேட்டரியைக் கழற்றினார். அந்த இடத்தைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சாராயம் தொட்டுத் துடைத்து, தன் வேலையைத் தானே ஒருதரம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டார். பிறகு போர்டை மாட்டி, சுவிட்சைப் போட்டார்.

திரை முழுக்க நீலம். படம் இல்லை, எழுத்து இல்லை, சத்தம் இல்லை.

மறுபடி அணைத்துப் போட்டார். அதே நீலம். முதலில் அவர் பயப்படவில்லை. எங்கேயோ ஈயத் துளி தெறித்து இரண்டு கோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். இல்லை. மின்சாரம் எல்லாச் சில்லுக்கும் சரியாக வருகிறதா என்று மல்டிமீட்டரால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வந்தது. நாடித்துடிப்பு மாதிரி போர்டுக்குத் தாளம் கொடுக்கிற படிகம் துடிக்கிறதா என்று பார்த்தார். துடித்தது. எந்தச் சில்லாவது கொதிக்கிறதா என்று ஒவ்வொன்றின் முதுகிலும் விரலை வைத்தார். சந்தேகப்பட்ட ஞாபகச் சில்லுகளின் மேல் நல்ல சில்லைக் காலோடு கால் தொட ஏற்றி வைத்துப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருந்தது. உடம்பில் ஒரு உறுப்பும் கெடவில்லை, ஆனால் பிணம். இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை.

சாயங்காலம் வந்த ஜெயத்திடம் "இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு" என்று சொல்லி அனுப்பினார். அடுத்து வந்தபோதும் அதையேதான் சொன்னார். கடைசியில் போர்டை எடுத்துக்கொண்டு நியட் தாவ் சந்தைக்குப் போனார். மின்சாமான் கடைகள் நெருக்கிக் கிடக்கிற இடம். அங்கே சில்லு விற்கிற ஒரு சீனக் கிழவர், தைவானில் இருக்கிற மருமகன் மூலம் இந்தத் தொழிலின் நெளிவு சுளிவெல்லாம் தெரிந்தவர். போர்டைப் பார்த்தார். பேட்டரி இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"நீயா எடுத்தாய்?"

"ஆமாம். கசிந்திருந்தது."

"இந்த வகை போர்டில் பேட்டரியை எடுக்கவே கூடாது. ஆட்டத்தைப் பூட்டி வைத்து, சாவியை அந்த பேட்டரியின் உயிரில் வைத்திருக்கிறார்கள். யாரும் திருடிப் படி எடுக்கக் கூடாது என்பதற்காகச் செய்தவனே செய்து வைத்தது. பேட்டரி போனால் சாவி அழிந்துவிடும். மறுபடி பேட்டரி வைத்தாலும் வராது."

"வழியே இல்லையா?"

"செய்தவன் கையில்தான் வழி. நீயும் நானும் என்ன செய்ய?"

திரும்பி வரும் வழியெல்லாம் மார்செல் என்ன சொல்வது என்று மனதுக்குள் கோர்த்துக்கொண்டே வந்தார். 'ஜெயம், என் கையாலதான் போச்சு, எனக்குத் தெரியாம போச்சு.' அவ்வளவுதான். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். அதில் பொய் இல்லை.

ஆனால் அவர் வீடு சேர்ந்தபோது ஜெயம் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். சந்துக்காரர்கள் இரண்டு பேர் ஏதோ ரேடியோவைக் கொண்டுவந்து காத்திருந்தார்கள். ஜெயம் அவர்களிடம் வியட்நாமியத்தில், "எங்கள் அண்ணன் தொட்டால் செத்ததும் எழுந்து உட்காரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மார்செல் போர்டை மேசைமேல் வைத்தார்.

"என்ன அண்ணே, ஆச்சா?"

"போர்டு போச்சு ஜெயம்."

"போச்சுன்னா?"

"பேட்டரி கசிஞ்சிருக்கு. உள்ள வரைக்கும் அரிச்சிருச்சு. இனி வராது."

ஜெயம் போர்டையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அது வர்றப்பவே அப்படித்தான் இருந்துச்சா? பக்கீர் பாய் தெரிஞ்சே என் தலையில கட்டிட்டாரா?"

அந்த இடத்தில்தான் அவர் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குனிந்து போர்டைத் துண்டில் சுற்ற ஆரம்பித்தார். ஜெயம் அந்தக் குனிந்த தலையையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் நடந்ததை ரோசாலிதான் சந்தையில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். பக்கீர் மைதீன் வேறு எதற்கோ ஜெயத்தின் கடைப் பக்கம் போயிருக்கிறார். ஜெயம் வாசலிலேயே நிறுத்தி வைத்து, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், நூடுல்ஸ் விற்கிற பெண்கள், ஆட வந்தவர்கள் எல்லார் முன்னாலும், வியட்நாமியத்திலேயே வாய்க்கு வந்தபடி கேட்டிருக்கிறாள். செத்த போர்டை விற்கிற திருடன் என்று. பக்கீர் மைதீன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். செத்த போர்டை வாங்கிக்கொண்டு போய், தன்னிடம் இருந்ததிலேயே நல்ல ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாராம்.

"பாவம் அந்த பாய்" என்றாள் ரோசாலி. "அவரு அப்படிப்பட்ட ஆளா? நீங்க என்ன சொன்னீங்க ஜெயத்துகிட்ட?"

"பேட்டரி கசிஞ்சிருக்குன்னு சொன்னேன். கசிஞ்சுதானே இருந்துச்சு?"

ரோசாலி அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் எல்லாரும் எழுந்து பாதிரியாரிடம் நன்மை அப்பம் வாங்கப் போனபோது மார்செல் இடத்தைவிட்டு அசையவில்லை. மனதில் பாவத்தோடு அதை வாங்கக் கூடாது. முழங்காலில் இருந்தபடியே முன்பெஞ்சுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோசாலி அவரைத் தாண்டிப் போய் வாங்கிவிட்டுத் திரும்பி வந்தாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும்.

ஆட்டப் பெட்டிக் கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு என்று பேச்சு பரவியது. பக்கீர் மைதீனிடம் போர்டு வாங்காதே என்று ஆனது. கப்பலில் வந்த சரக்கு அவர் வீட்டிலேயே முடங்கியது. மார்செலிடம் வேலைக்கு வருகிறவர்களே "உங்கள் ஆள்தானாமே அந்தத் திருடன்" என்று சிரித்தார்கள். அவர் சால்டரிங் அயர்னைப் பிடித்தபடி ஒன்றும் சொல்லாமல் இருந்தார். ஒவ்வொரு தடவையும் பேசாமல் இருப்பது முந்தின தடவையைவிடச் சுலபமாக இருந்தது. அதுதான் அவரை அதிகம் கூசவைத்தது.

நோன்பு மாதம் வந்தது. ஒருநாள் பின்னேரம் பக்கீர் மைதீன் வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் நோன்புக் கஞ்சித் தூக்கு, இன்னொரு கையில் அதே போர்டு. மார்செல் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார்.

"உள்ள வரலாமா முசே? வீட்டுல கஞ்சி கொடுத்து விட்டா."

"வாங்க பாய், வாங்க."

பக்கீர் மைதீன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஆள் இளைத்திருந்தார். போர்டை மேசைமேல் வைத்தார்.

"நான் இதுக்காகச் சண்டைக்கு வரல. ஜெயம் பேசினதுல அவ மேல தப்பில்ல. அவளுக்கு நஷ்டம், பேசினா. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். எந்தக் கோளாறால இது செத்துச்சு? எனக்கு ஒரு தடவ காட்டிக் கொடுத்துட்டீங்கன்னா, அடுத்து கப்பல்ல வர்றப்பவே பாத்து ஒதுக்கிருவேன். இனி ஒருத்தரு என்னைப் பாத்து அந்த வார்த்தை சொல்லக் கூடாது."

குற்றம் சாட்ட வந்திருந்தால் மார்செல் தாங்கியிருப்பார். இந்த மனிதர் தன்னை நம்பிக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். மார்செல் போர்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரிந்த விஷயத்தைத் தெரியாதவர் மாதிரித் தேடினார். அந்த நடிப்பை அவர் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

"கடல் காத்து, பாய்" என்றார் கடைசியில். "கப்பல்ல வர்றப்ப உப்பு ஈரம் ஏறிடுது. அதுதான் அரிக்குது."

"அப்ப காயவெச்சா தேவலையா?"

"தேவல."

பக்கீர் மைதீன் நெஞ்சில் கைவைத்து, "ரொம்ப நன்றி முசே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கஞ்சித் தூக்கை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. ரோசாலி அதில் தேங்காய்ப் பணியாரம் போட்டு, "நீங்களே போய்க் கொடுத்துட்டு வாங்க" என்று நீட்டினாள். அவர் தட்டிக் கழித்துப் பார்த்தார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. நோன்பு திறந்து முடிந்த நேரமாகப் பார்த்து, கான் ஹொயிலேயே இருந்த பாய் வீட்டுக்குப் போனார். பக்கீர் மைதீன் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஹமீதா பானு கதவைத் திறந்தாள்.

வீட்டுக்குள் வெக்கையாக இருந்தது. ஒரே அறை. அந்த அறையில் பெரிய சாமான் என்று இருந்தது ஒரு மர பீரோ. கல்யாணத்துக்கு அவள் வாப்பா செய்து கொடுத்தது. அதன் கதவு திறந்திருந்தது. உள்ளே சேலை இல்லை, துணி இல்லை. மேலிருந்து கீழ்வரை கயிறு கட்டி, கருவாடு காயப்போட்ட மாதிரி போர்டுகள் தொங்கின. அடித்தட்டில் ஒரு குண்டு பல்பு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. ஹமீதா பானுவின் துணிமணியெல்லாம் மூட்டையாகக் கட்டில் அடியில் கிடந்தது.

"நீங்க சொன்னீங்கன்னு ஒவ்வொண்ணா துடைச்சுத் துடைச்சுத் தொங்கவிட்டிருக்காரு" என்றாள் அவள். "உப்பு ஈரம் போகணுமாம். வேலை இல்லாத மனுஷனுக்கு இதுவே வேலையாப் போச்சு. பாருங்க முசே, இந்தச் சூடு போதுமா? நெருப்புப் பிடிச்சிருமோன்னு எனக்குப் பயமா இருக்கு. தூக்கமே இல்ல."

மார்செல் பல்பைப் பார்த்தார். தொங்குகிற போர்டுகளைப் பார்த்தார். ஒன்றுக்கும் ஒரு கேடும் இல்லை. ஈரமும் இல்லை, உப்பும் இல்லை. அவர் சொன்ன பொய் ஒரு வீட்டில் இடத்தைப் பிடித்துக்கொண்டு, விளக்கேற்றி உட்கார்ந்திருந்தது.

"பல்ப அணைச்சுருங்கம்மா" என்றார். "இது வேணாம். பாய் வந்ததும் நான் வரச் சொன்னேன்னு சொல்லுங்க. இல்ல, நான் இங்கயே நிக்கிறேன்."

சந்து முனையில் போய் நின்றார். பக்கீர் மைதீன் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வந்தார். மார்செல் அவரைச் சுவரோரமாக நிறுத்தி, மென்று விழுங்காமல் ஒரே மூச்சில் சொன்னார். பேட்டரியைக் கழற்றியது, நீலத் திரை, சீனக் கிழவர் சொன்னது, ஜெயம் கேட்டபோது குனிந்துகொண்டது, கடல் காற்று என்று கதைகட்டியது, எல்லாம்.

எதிரே பான் மி வண்டிக்காரி ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கீர் மைதீன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பேட்டரி விஷயம் உங்களுக்குத் தெரியாது" என்றார் கடைசியில். "தெரியாம செஞ்சதுக்கு அல்லாவே கணக்கு வைக்க மாட்டான். ஆனா அந்தப் பொம்பள என் பேரச் சொன்னப்ப வாய மூடிக்கிட்டீங்களே முசே, அது ஏன்?"

மார்செலிடம் இருந்த ஒரே பதிலை, 'என்னை எல்லாரும் டாக்டர் என்கிறார்கள்' என்பதை, இந்த மனிதர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது.

"இனி உங்க போர்டு எல்லாத்தையும் நான் சும்மாவே பாத்துத் தரேன் பாய். காலத்துக்கும்."

"வேணாம். சும்மா பாத்துக் குடுத்தா உங்க மனசு ஆறும். எனக்கு என்ன?" அவர் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "என்னைத் திருடன்னது தமிழ்ல இல்ல. ஊருக்கே புரியிற பாஷையில. கடை நிறைய ஆள் நின்னப்ப. அதே இடத்துல, அதே பாஷையில நீங்க போய்ச் சொல்லுங்க. அது போதும்."

வீட்டுக்கு வந்து ரோசாலியிடம் சொன்னார். அவள், "எனக்குத் தெரியும்" என்றாள். எப்படி என்று அவர் கேட்கவில்லை. "போறப்ப நானும் வரவா?" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றார்.

மறுநாள் பின்னேரம் பெட்டிகளெல்லாம் ஓடுகிற நேரமாகப் பார்த்து ஜெயத்தின் கடைக்குப் போனார். கூட்டத்துக்குக் குறைவில்லை. சந்தை மூட்டை தூக்குகிறவர்கள், சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்ட சீக்லோக்காரர்கள், பக்கத்துக் கடை முதலாளிகள். பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டும் வெடித்துக்கொண்டும் இருந்தன. ஜெயம் சில்லறை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே! என்ன, நீங்களே வந்துட்டீங்க?"

மார்செல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வியட்நாமியத்தில் சொன்னார்: "அந்தப் போர்டைக் கெடுத்தது பக்கீர் மைதீன் இல்லை. நான்."

ஜெயம் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தாள். "என்னண்ணே? கேக்கல, பலமாச் சொல்லுங்க."

இன்னும் பலமாகச் சொன்னார். அதே நேரம் ஒரு பெட்டியில் விமானம் வெடித்தது. அவளுக்கு மறுபடி கேட்கவில்லை. மூன்றாம் முறை மார்செல் கத்தினார். முகாமில் பெயர் கூப்பிடும்போது நின்ற மாதிரி கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு கத்தினார். "பக்கீர் மைதீன் நல்ல போர்டுதான் விற்றார்! நான்தான் தெரியாமல் பேட்டரியைப் பிடுங்கிக் கொன்றேன்! கொன்றுவிட்டுப் பேசாமல் இருந்தேன்!"

ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நூடுல்ஸ்காரி கரண்டியை நிறுத்தி, "அட, பாக் சியும் கொல்லுவாரா?" என்றாள். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, சாதாரணச் சிரிப்புதான். ஆனால் மார்செலுக்குக் காது மடல் எரிந்தது.

ஜெயம் சிரிக்கவில்லை. கையில் இருந்த சில்லறையைக் கல்லாவில் போட்டு மூடினாள். தமிழில், தணிந்த குரலில் பேசினாள்.

"உங்க கை தவறிப்போச்சுன்னு சொல்லியிருந்தா, போகட்டும்ணேன்னு ஒரு வார்த்தையில விட்டிருப்பேன். ஒரு நல்ல மனுஷன நான் நடுத்தெருவுல திருடன்னு சொன்னேன். அந்தப் பழிய என் வாயால சொல்ல வெச்சிட்டீங்களே."

"மன்னிச்சுரு ஜெயம்."

"நான் மன்னிக்கிறது இருக்கட்டும். நான் யார்கிட்டப் போய் நிக்கிறது?"

கடையை நூடுல்ஸ்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கான் ஹொய்க்குப் போய் ஹமீதா பானுவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் என்று பிறகு தெரிந்தது. அடுத்த வாரம் கடைக்காரர்களைக் கூட்டி வைத்து, பக்கீர் மைதீனையும் பக்கத்தில் நிறுத்தி, "இவரிடம் வாங்குங்கள், நான் வாங்குகிறேன்" என்று அவளே சொன்னாள். வியாபாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பழையபடி முழுதாக இல்லை. வாயிலிருந்து போன வார்த்தையைத் துரத்திப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க யாராலும் முடியாது.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று மார்செல் எண்ணியிருந்தார். இறங்கவில்லை. இதுவரை தனக்குள் மட்டும் இருந்தது இப்போது சந்துக்கே தெரிந்தது. சந்தில் 'பாக் சி' என்று கூப்பிடுவது நிற்கவில்லை. ஆனால் கூப்பிடும்போது ஒரு புன்னகையும் கூட வந்தது. அவர் "மார்செல் என்றே கூப்பிடுங்கள்" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

ஜெயம் அதற்குப் பிறகும் போர்டுகள் கொண்டுவந்தாள். வேறு ஆள் இல்லை. ஆனால் உள்ளே வந்து உட்கார மாட்டாள். வாசலில் நின்று கொடுத்துவிட்டு, என்ன பழுது என்று வியட்நாமியத்தில் சொல்லிவிட்டுப் போவாள். அவரிடம் அவள் தமிழ் பேசியது அன்றோடு சரி. ரோசாலியிடம் மட்டும் சந்தையில் பார்த்தால் நின்று பேசுவாள். அவர் வீட்டில் தமிழ் பேச ரோசாலி இருந்தாள் என்றாலும், அந்த 'அண்ணே' இல்லாத குறையை ரோசாலியால் நிரப்ப முடியவில்லை.

பக்கீர் மைதீன் ஒரு போர்டையும் அவரிடம் கொண்டுவரவில்லை. பழுதானதையெல்லாம் மூட்டை கட்டி நியட் தாவ் சந்தைக்கு, அந்தச் சீனக் கிழவரிடமே எடுத்துப் போனார். போகிற வழி மார்செலின் சந்துதான். சுற்றிப் போகவும் வழி இருந்தது, அவர் சுற்றிப் போகவில்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் மூட்டை ஆட, வீட்டுக்கு நேரே வரும்போது வேகத்தைக் குறைப்பார்.

"முசே, சாப்பிட்டாச்சா?" என்பார்.

"ஆச்சு பாய்" என்பார் மார்செல், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும். ஈயப்புகை கண்ணில் பட்ட மாதிரி முகத்தைத் துடைத்துக்கொள்வார். அதற்குள் வண்டி சந்து முனையைத் தாண்டிப் போயிருக்கும்.